மனத்தாங்கல் இல்லாச் சான்றிதழ்

புனித பூமிக்கு விமானத்தில் ஆறு மணி நேரம். விமான நிலையத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். கோயில் வாசலில் நிற்கும் அந்தப் பேருந்தின் படிக்கட்டை எட்டுவதற்கு ஏழு மாதம்.

இதற்கெல்லாம் காரணம் ஃபாதர் செய்த ஒரு பிரசங்கம். மோசமான பிரசங்கமாக இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது. நன்றாக அமைந்துவிட்டது.

"திருப்பயணம் போகிறவர்கள் யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதை முதலில் தீர்த்துவிட்டுப் போங்கள். பெட்டியில் வைக்கிற எதையும்விட அதுதான் கனம்" என்றார் ஃபாதர். சின்ன வயசுக்காரர். இந்தக் கோயில் பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேறு பங்காக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். இந்தப் பங்கில் திருப்பயணக் குழு என்று ஒன்று இருந்தது.

குழுவின் தலைவர் முப்பத்து நாலு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். செயலாளர் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் ஸ்டாம்பு வைத்திருப்பார். அதனால் அவருக்கு 'முத்திரை' என்று பெயர். நெஞ்சில் நிரந்தரமாக ஒரு ஊதாக் கறை உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ காயம் பட்டவர் மாதிரி இருக்கும்.

அன்று சாயங்காலமே குழு கூடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படிவம் ஏழு கொடுக்கப்பட்டது. முதல் ஆறு படிவங்களை எல்லோரும் ஏற்கெனவே பூர்த்தி செய்திருந்தார்கள். பாஸ்போர்ட் விவரம், இரத்த வகை, நெருங்கிய உறவினர், பாடும் குரலின் வகை, சாப்பிடக்கூடாத மாத்திரைகள், அப்புறம் குறட்டை பற்றிய உறுதிமொழி. ஏழாவதின் தலைப்பு 'மனத்தாங்கல் இல்லாச் சான்றிதழுக்கான விண்ணப்பம்'. பகைவரின் பெயர், பகை தொடங்கிய தேதி, பகைக்கான காரணம் (முப்பது சொற்களுக்கு மிகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாசகத்தில்). அதற்குக் கீழே பகைவர் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு வரி: 'மேற்படி பகை இன்றோடு முடிவுற்றது. இது குறித்து இனி நாங்கள் பேச மாட்டோம்.'

அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது.'

ஃபாதர் பதறிப்போய் அலுவலக அறைக்கு ஓடினார்.

"நான் மனசுல தீர்த்துக்கணும்னுதாங்க சொன்னேன்."

"மனசுல தீர்த்ததுக்கு என்ன ஆதாரம் ஃபாதர்?" என்றார் தலைவர் அன்பாக. "நாளைக்கு அங்க போய் நிக்கும்போது இவங்கள்ல ஒருத்தருக்குள்ள பகை இருக்குன்னு தெரிஞ்சா, கெட்ட பேரு யாருக்கு? உங்களுக்கா? குழுவுக்கு!"

குருமடத்தில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. ஃபாதர் திருமுழுக்கு ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத் திருமுழுக்கு எதுவும் இருக்கவில்லை.

அந்தப் பங்கில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். ஐம்பத்தாறு வயசு. இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, "பயப்படாதீங்க, காத்து வருது, உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே, வீட்டிலும் யாராவது அழுதால் அதையேதான் சொல்லுவார். அவருக்கு வெளிநாடு போகும் ஆசை ஏதும் கிடையாது. ஆசைப்பட்டது மனைவி.

அந்த அம்மா ஒரு ஆஸ்பத்திரியின் துணி அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். அறை தரைக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி, எல்லாம் வெந்நீரில் வெந்து, சூடாக வந்து விழும். மடித்து மேலே அனுப்ப வேண்டும். வெளியே மழை பெய்தால் மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். அடுத்த வருஷம் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த திருப்பயணம் மூன்று வருஷம் கழித்து என்று குழு சொல்லியிருந்தது.

"கோயில் கோயிலா ஏறணும்னு எனக்கு இல்லைங்க. அந்த ஏரி இருக்குல்ல, ஆண்டவர் படகுல போனாரே. அதுல இறங்கிக் கொஞ்சம் கால் நனைக்கணும். இந்த முட்டி இருக்கும்போதே."

இருபத்தொன்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் கேட்ட பெரிய விஷயம் இதுதான். மெக்கானிக் மறுவார்த்தை பேசாமல் ஆறு படிவத்தையும் பூர்த்தி செய்தார். குறட்டையையும் ஒப்புக்கொண்டார்.

ஏழாவது படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"உங்களுது சுலபம்" என்றார் மனைவி. "யோசிக்கவே வேணாம்."

மெக்கானிக் எழுதினார். பகைவர்: அக்கா. ஒன்பது வருஷம்.

அக்கா மகளின் கல்யாண வரவேற்பில் மண்டபத்து லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே மாட்டிக்கொண்டவர் மாப்பிள்ளையின் அப்பா. புதுச் சட்டையோடு வந்திருந்த மெக்கானிக் மேலே ஏறி, கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, அவரை வெளியே எடுத்தார். உடம்பெல்லாம் கிரீஸ். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த சம்பந்தியம்மா, "இவர் யாரு?" என்று கேட்டார். அக்கா, "லிஃப்ட் பாக்க வந்தவர்" என்றாள்.

தம்பி என்று சொல்லவில்லை. மெக்கானிக் கையைக் கழுவினார். சாப்பிடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் அவருடைய கம்பெனி பராமரிப்பில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு ஆளோடு டியூட்டியை மாற்றிக்கொண்டார்.

மனைவியின் படிவம்தான் சிக்கல். அவருக்குப் பகைவரே இல்லை. மூன்று நாள் யோசித்தார். "பழைய சூப்பர்வைசர் ஒருத்தி திட்டுவா. ஆனா அவ போன வருஷம் போய்ட்டா. அடக்கத்துல நான்தான் ரொம்ப அழுதேன்" என்றார். கடைசியில் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார்.

நாலாம் நாள் விசாரணைக்கு வரச்சொல்லி ஓலை வந்தது.

அலுவலக அறையில் ஒரே மேசைக்குப் பின்னால் தலைவரும் முத்திரையும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். தலைவரும் முத்திரையும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பங்கு விழாவில் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது மைக் நின்றது, நிறுத்தியது முத்திரை என்பது தலைவரின் கட்சி. அதனால் இருவரும் உபதேசியார் வழியாகத்தான் நிர்வாகம் நடத்தினார்கள்.

"உபதேசியாரே, அந்தம்மாவோட படிவத்துல பகைவர் கட்டம் காலியா இருக்குன்னு செயலாளர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றாரு" என்றார் உபதேசியார்.

"கேட்டேன்னு சொல்லுங்க" என்றார் முத்திரை.

"எனக்கு யாரும் இல்லை சார்" என்றார் மனைவி.

தலைவர் சிரித்தார். "அம்மா, நான் முப்பத்து நாலு வருஷம் பத்திரம் பதிஞ்சவன். அண்ணன் தம்பி, அப்பன் மகன், எல்லாரையும் பாத்திருக்கேன். பகை இல்லாத மனுஷன்னு ஒருத்தன் கிடையாது. மறைக்கிறவன்தான் உண்டு. மறைக்கறது பாவம். பகையாவது மன்னிக்கக்கூடியது."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் படிவம் குடுத்துட்டீங்களா சார்?" என்று மெக்கானிக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. மாதிரிக்கு ஒன்று பார்த்தால் எப்படி எழுதுவது என்று தெரியுமே என்றுதான் கேட்டார்.

தலைவர் உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் முத்திரையைப் பார்த்தார்.

"குழு உறுப்பினர்களுக்கு விலக்கு இருக்கு" என்றார் முத்திரை. "நாங்க பக்திக்காகப் போகல. பணி நிமித்தமா போறோம்."

பகைவர் கட்டத்தை நிரப்ப மனைவிக்கு இரண்டு மாதம் அவகாசம் தரப்பட்டது. பகை குறைந்தது ஆறு மாதப் பழையதாக இருக்க வேண்டும். படிவத்துக்காகவே புதிதாகச் சண்டை போடுவதைக் குழு வன்மையாகக் கண்டித்தது.

அதற்குள் பங்கு முழுக்கப் பகைவர்களுக்குக் கிராக்கி வந்துவிட்டது. நேற்றுவரை எதிரே வந்தால் தெருவை மாற்றியவர்களைத் தேடிக்கொண்டு ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள். போன இடத்தில், "யாரு முதல்ல ஆரம்பிச்சது?" என்ற கேள்வி வந்தது. முப்பது சொல்லில் அதை முடிக்க முடியவில்லை. பாடகர் குழுவில் மெல்லிய மனத்தாங்கலோடு இருந்த இரண்டு பெண்கள், வாசகத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது ஜென்மப் பகையாகிவிட்டார்கள்.

அதிகம் அவதிப்பட்டது கோயில் தெருத் தையல்காரர்தான். மகா கோபக்காரர். பதினேழு படிவங்களில் அவர் பெயர் இருந்தது. அவர் திருப்பயணத்துக்கு விண்ணப்பிக்கவில்லை, ஆனாலும் வேலை கெட்டது. கடைசியில் டோக்கன் முறை கொண்டுவந்தார். சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை பகைவர் நேரம்.

"எந்தச் சண்டை உன்னுது? கை நீளமா தைச்சதா, காலர் சுருங்கினதா?"

"நீங்க என் மாமாவை நாய்னு சொன்னீங்க."

"அதுக்கு நாளைக்கு வா. இன்னிக்குக் காலர் மட்டும்தான்."

மனைவி அவரிடமும் போய்ப் பார்த்தார். ஒரு பழைய சண்டை கிடைக்காதா என்று. தையல்காரர் அவருடைய பையில் பிய்ந்திருந்த காதைத் தைத்துக் கொடுத்து, "உங்ககூட சண்டையா? என்னால முடியாதும்மா. எனக்கும் ஒரு அளவு இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு டீச்சர், "என் பேரைப் போட்டுக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். சண்டையைப் பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று முத்திரை திருப்பி அனுப்பினார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மெக்கானிக் அக்கா வீட்டுக்குப் போனார். தனியாகத்தான் போனார். "நானும் வரட்டா?" என்று மனைவி கேட்டதற்கு, "இது என் படிவம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

நாலாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. படியேறிக் கதவைத் தட்டினார். கம்பிக் கதவுக்குப் பின்னால் நிழல் வந்து நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா எவன்?"

"தம்பி."

"எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தான். ஒரு கல்யாணத்துல சாப்பிடாம எழுந்து போனான். இன்னும் வரல."

கம்பி வழியாகப் படிவத்தை நீட்டினார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"'லிஃப்ட் பார்க்க வந்தவர் என்று சொன்னார்.' ஓ. இது மட்டும்தான் நடந்ததா? சம்பந்தி சட்டையில கிரீஸ் கையை வச்சது யாரு?"

"அந்த மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டிருந்தார்க்கா. நான் இழுத்து வெளிய விட்டேன்."

"இழுத்தது சரி. அப்புறம் கட்டிப்பிடிச்சது எதுக்கு?"

"அவர்தான் என்னைக் கட்டிப்பிடிச்சாரு!"

"அதையும் சேத்து எழுது."

"முப்பது சொல்லுக்கு மேல போகும்."

"அப்ப வீட்டுக்குப் போய்ச் சுருக்கிக்கிட்டு வா."

கதவு திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுருக்கி எடுத்துக்கொண்டு போனார். "கண்ணாடியை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் அக்கா, கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே. ஆனால் கதவு திறந்தது. மூன்றாவது ஞாயிறு பேனாவில் மை இல்லை. மெக்கானிக் தன் பேனாவைக் கொடுத்தார். அது கைக்குத் தடிமனாக இருந்தது. நாலாவது ஞாயிறு சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுச் சத்தத்தில் தனக்கு யோசிக்க முடியாது என்றாள். சரிசெய்து கொடுத்தார். கை கழுவிவிட்டு வந்தால் தட்டு வைத்திருந்தாள்.

"பேப்பருக்காக வந்தவனுக்குச் சாப்பாடு எதுக்கு?" என்றார்.

"ஒன்பது வருஷமா ஆறிப்போய்க் கிடக்கு. உக்காந்து சாப்பிடு."

அத்தான் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அடக்கத்தன்று மெக்கானிக் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரும் பார்க்கும் முன் கிளம்பிப் போயிருந்தார். "நான் பாத்தேன்" என்றாள் அக்கா, தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டே. அவர் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஓடிவருவார்.

"அண்ணி எப்படி இருக்காங்க? முடியெல்லாம் நரைச்சிடுச்சா?"

"கையெழுத்து இன்னும் போடல."

"இளைச்சிருக்காங்களா?"

"அடுத்த வாரம் போடுவா போல."

மனைவி சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு உள்ளே போய்விடுவார். மெக்கானிக்குக்கு அது முழங்கால் வலி என்று தோன்றியது. எண்ணெய் சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்து, ஆறு, ஏழு என்று ஞாயிறுகள் போயின. கையெழுத்து மட்டும் விழவில்லை. இறுதி விசாரணை நாள் வந்தது. விண்ணப்பதாரர்கள் பகைவரோடு நேரில் வர வேண்டும். அக்கா வந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, பேனா எடுக்காமல் வந்தாள்.

பங்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வலது பக்கம் விண்ணப்பதாரர்கள். இடது பக்கம் பகைவர்கள். பகைவர் பக்கத்தில் தையல்காரர் முதல் வரிசையில், பதினேழு பேருக்கும் பொதுவாக, தலைமை தாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் வலது பக்கம் போய் உட்காரப் போனார். உபதேசியார் தடுத்தார்.

"நீங்க எங்க உக்காருறதுன்னு ஒரு குழப்பம் இருக்குங்க. உங்களுக்கு ரெண்டு பக்கமும் சீட்டு இருக்கு."

"எனக்கா? எனக்கு அக்கா மட்டும்தானே?"

"நீங்க ஒருத்தருக்குப் பகைவரா வேற வந்திருக்கீங்க."

அவரை நடுவில் நிற்க வைத்தார்கள். மனைவி தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்திரை எழுந்து தொண்டையைச் செருமினார். "விண்ணப்ப எண் இருபத்தாறு. பகைவர் பெயர் கட்டத்தில், 'என் கணவர்'." மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "காரணம். 'இவர் தன் அக்காவோடு பேசுவதில்லை. அதனால் நானும் பேச முடியவில்லை. அண்ணி எனக்கு நல்ல சிநேகிதி. ஒன்பது வருஷமாக இவர்மேல் கோபம். இவரிடம் சொன்னதில்லை.'"

முத்திரை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "பதினெட்டுச் சொல்தான் வருது. இன்னும் பன்னிரண்டு மிச்சம் இருக்கும்மா. ஏதாவது சேக்கணுமா?"

"போதும் சார்" என்றார் மனைவி.

மெக்கானிக் நடுவில் நின்றார். பத்தாவது மாடியில் கயிறு அறுந்தால்கூட என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவீங்க. அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

இடது பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். "அவளையும் தடுத்து வச்சிருந்தியாடா? நான் அவதான் என்னை மறந்துட்டான்னு நெனச்சேன். ஒரு பிறந்தநாளுக்குக்கூட வரலையேன்னு..."

"நான் தடுக்கலக்கா. போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல!"

"போன்னு சொன்னியா?"

"நீ மட்டும் என்ன? தம்பின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்துச்சா அன்னிக்கு?"

"வரல! எட்டு நாளா தூக்கமில்ல, சம்பந்தியம்மா முறைச்சுக்கிட்டு நிக்கறா, நீ பேய் மாதிரி வந்து நிக்கற. வாய்ல வந்தது அதுதான். வெக்கப்பட்டேன்டா. போதுமா? உன்னை நெனச்சு வெக்கப்பட்டேன். அதை நெனச்சு ஒன்பது வருஷமா வெக்கப்பட்டுக்கிட்டிருக்கேன். அதுக்காகச் சாப்பிடாம போவியா? நான் அன்னிக்கு ராத்திரி உனக்கு எடுத்து வச்ச தட்டை..."

"நான் எப்படிக்கா சாப்பிடுவேன்? நெஞ்சுல இறங்குமா?"

இருவரும் கத்தினார்கள். தையல்காரரே திரும்பிப் பார்த்து, "மெதுவா" என்றார்.

தலைவர் மேசையைத் தட்டினார். "உபதேசியாரே, செயலாளர்கிட்ட சொல்லுங்க. விண்ணப்பம் இருபத்தாறோட காரணம், கணவர் தன் அக்காவோட பேசறதில்லைங்கறது. இப்ப பேசறாங்களா இல்லையா?"

"பேசறாங்க" என்றார் முத்திரை, உபதேசியாரைப் பார்த்து. "மண்டபம் முழுக்கக் கேக்குது."

"அப்ப காரணம் நீங்கியாச்சு. குழு நேர்ல பாத்தது, இனி வேற சாட்சி வேணாம். கணவர் வாசகத்தை ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டதும் விண்ணப்பம் இருபத்தாறு ஏற்கப்படுது."

மெக்கானிக் போட்டார். ஊதா முத்திரை விழுந்தது.

"அடுத்தது இருபத்தஞ்சு. மேற்படி கணவருக்கும் அவர் அக்காவுக்கும் உள்ள பகை. இப்ப சண்டை போடறாங்களா இல்லையா?"

"போடறாங்க. மண்டபம் முழுக்கக் கேக்குது."

"அப்ப பகை நீடிக்குது. அக்கா கையெழுத்துப் போடாத பட்சத்துல இருபத்தஞ்சு தள்ளுபடி."

ஒரே சண்டையை வைத்து இரண்டு தீர்ப்பு எழுதியதில் யாருக்கும் முரண் தெரியவில்லை. ஃபாதருக்குத் தெரிந்தது. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுடுங்க அண்ணி" என்றார் மனைவி. "இவரும் என்கூட வரட்டும்."

அக்கா படிவத்தை வாங்கினாள். முத்திரையின் பேனாவையும் வாங்கினாள். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"'மேற்படி பகை இன்றோடு முடிவுற்றது. இது குறித்து இனி நாங்கள் பேச மாட்டோம்.' இதுல எப்படிம்மா போடறது? இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம். நான் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கு. அத்தான் போன கதையை இவன் இன்னும் கேக்கல. இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை இவன் எதுக்கு நாலு மாடி ஏறி வருவான்?"

மெக்கானிக் அக்காவைப் பார்த்தார். கண்ணாடி, பேனா, குழாய் எல்லாம் அவருக்கு அப்போதுதான் விளங்கின.

"அந்தக் கடைசி வரியை அடிச்சிட்டுப் போடலாமா சார்?" என்று கேட்டார்.

"அச்சடிச்ச படிவத்துல அடித்தல் திருத்தல் கூடாது" என்றார் முத்திரை. இது ஒன்றில் தலைவர், உபதேசியார் இல்லாமலே, நேரடியாகத் தலையாட்டினார்.

அக்கா பேனாவை அழுத்தினாள். கை தாளுக்குப் போனது. "நீ சொன்னா போடறேன்டா. அவளுக்காகப் போடறேன்."

மெக்கானிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அக்காவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

"நான் போய்ட்டு வரேங்க" என்றார். "கால் நனைக்கறதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

மெக்கானிக் அக்காவின் கையிலிருந்து படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணவரோடு சமாதானம் ஆனதற்கான சான்றிதழ் மனைவிக்குக் கிடைத்தது. அதன் பலனாகப் பன்னிரண்டு நாள் கணவரைப் பிரிந்து இருக்க அனுமதியும் கிடைத்தது.

புறப்படும் நாள் காலையில் பேருந்து ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. ஐந்தரைக்கே எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏழரைவரை தலைவர் பேருந்தின் முன்பக்கம் நின்று வாழ்த்துரை வழங்கினார். "மனதில் பகை என்னும் சுமையோடு நம் குழுவில் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன்" என்று முடித்து, மைக்கை உபதேசியாரிடம் கொடுத்தார். உபதேசியார் அதைப் பேருந்தின் கடைசி வரிசையில் இருந்த முத்திரையிடம் கொண்டுபோனார். முத்திரை வாங்கித் தட்டிப் பார்த்தார். மைக் வேலை செய்யவில்லை. பேருந்தின் இரண்டு முனையிலிருந்தும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபாதர் முதல் இருக்கையில் கண்ணை மூடியிருந்தார். செபம் என்று சிலரும் தூக்கம் என்று சிலரும் நினைத்தார்கள். இனிமேல் பிரசங்கத்தில் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார்.

கீழே, மனைவியின் சன்னலுக்கு நேராக, மெக்கானிக்கும் அக்காவும் நின்றார்கள். இருவருக்கும் வாக்குவாதம்.

"முட்டிக்கு உறை எடுத்து வச்சியாடா அவளுக்கு?"

"வச்சேன்."

"எதுல வச்ச?"

"பெரிய பெட்டியில."

"பெட்டி அடியில போய்டுச்சு. ஆறு மணி நேரம் உக்காந்து போறவளுக்கு அது கையில வேணாமா? புத்தி எங்க போச்சு?"

"நீ நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாத்தையும் நான்தான் சொல்லணுமா?"

வண்டி நகரும் முன் முத்திரை கடைசி வரிசைச் சன்னல் வழியாக அவர்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாருங்க. நடுத்தெருவுல நின்னு சண்டை. இவரை மட்டும் ஏத்தியிருந்தா நம்ம பேரு என்ன ஆகியிருக்கும்? இதுக்குத்தான் படிவம் ஏழு."

மனைவி சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்னு இருக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் தினமும் அண்ணி வீட்லயே சாப்பிடுங்க."

"பன்னிரண்டு நாளுமா? இவனுக்கா?" என்றாள் அக்கா. "நான் என்ன ஓட்டலா நடத்தறேன்?"

பேருந்து திருப்பத்தில் மறைந்தது. மெக்கானிக் கையை இன்னும் தூக்கியபடியே நின்றார்.

"கையை இறக்குடா, அவ போய்ட்டா" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் நடந்தாள். திரும்பிப் பார்த்து, "வர்றப்ப தக்காளி வாங்கிக்கிட்டு வா. கெட்டியா இருக்கறதா பாத்து வாங்கு. உனக்கு எதையும் பாத்து வாங்கத் தெரியாது" என்றாள்.

"எனக்கா தெரியாது?" என்றபடி அவர் அவள் பின்னாலேயே நடந்தார்.